பாஸ் கொடுக்காதவளைத் திட்டுவதற்கு முன்

கேள்வி: நான் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. 16 வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து அணிக்கு இரண்டு ஆண்டுகளாகப் பயிற்சி கொடுக்கிறேன். தனித்தனியாகப் பார்த்தால் ஏழெட்டுப் பேர் நன்றாக ஆடக்கூடியவர்கள். ஆட்டத்தில் இறங்கினால் சிதறிவிடுகிறார்கள். எங்கள் ஃபார்வர்டு பந்தை வாங்கினால் யாருக்கும் கொடுப்பதில்லை. இரண்டு மூன்று பேரைத் தாண்டுவாள், அடுத்தவரிடம் பறிகொடுப்பாள். மற்றவர்களுக்கு அவள்மேல் எரிச்சல். ஓர் ஆட்டத்தில் அவளை வெளியே உட்கார வைத்தேன். அதிலும் தோற்றோம், ஒரு கோல்கூட அடிக்கவில்லை. போதாததற்கு, பெரும்பாலான கோல்களைக் கடைசிப் பதினைந்து நிமிடங்களில்தான் வாங்குகிறோம். ஒற்றுமையைப் பற்றி வாராவாரம் பேசிப் பார்த்துவிட்டேன். வாரத்தில் மூன்று நாள், தலா ஒன்றரை மணி நேரம் பயிற்சி. என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

ஒற்றுமையைப் பற்றிப் பேசுவதை இந்த வாரத்தோடு நிறுத்திவிடுங்கள். சேர்ந்து ஆட வேண்டும் என்பது உங்கள் பெண்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாதது வேறு. வலது ஓரத்தில் ஒருத்தி பந்தை வாங்கியதும் தான் எங்கே நகர வேண்டும், பந்து பறிபோன அடுத்த நொடியில் முன்னே பாய வேண்டுமா, பின்னே இறங்க வேண்டுமா என்பதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமல் வராது. இதில் குணம் எங்கும் வரவில்லை. தலையால் பந்தை முட்டுவதைப் பழக்குகிறோம், த்ரோ-இன் எறிவதைப் பழக்குகிறோம். இதையும் அப்படியே மைதானத்தில் நின்று, இடத்தைக் காட்டி, திரும்பத் திரும்பச் செய்யவைத்துத்தான் பழக்க முடியும். உரையாற்றிப் பழக்க முடியாது.

உங்கள் கடிதத்தில் அந்த ஃபார்வர்டு பந்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாள் என்பது இருக்கிறது. அந்த நேரத்தில் மற்றவர்கள் எங்கே நின்றார்கள் என்பது ஒரு வரிகூட இல்லை. எனக்கு வரும் கடிதங்களில் பாதி இப்படித்தான். பந்து எங்கே போகிறதோ அங்கேயே நம் கண்ணும் போகிறது. எனவே பந்து வைத்திருப்பவரே குற்றவாளியாகத் தெரிகிறார்.

ஒரு முழு ஆட்டத்தில் ஒருவரின் காலில் பந்து இருக்கும் மொத்த நேரம் இரண்டு மூன்று நிமிடங்களைத் தாண்டுவது அரிது. தொழில்முறை ஆட்டக்காரர் ஒரு போட்டியில் சுமார் 10 கிலோமீட்டர் ஓடுகிறார். அதில் மிகப் பெரும்பகுதி பந்தில்லாத ஓட்டம். அணியாக ஆடுவது என்று நாம் சொல்வது அந்த ஓட்டத்தைத்தான். உங்கள் பயிற்சி எப்படி நடக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் பல பள்ளிகளில் பயிற்சி என்றால் ஆளுக்கொரு பந்து, கூம்புகளுக்கு நடுவே டிரிபிள் (பந்தைக் காலால் தட்டிக்கொண்டே ஓடுவது), பிறகு வரிசையில் நின்று கோலை நோக்கி ஓங்கி அடிப்பது. கூம்பு நகராது, காலை நீட்டாது, பக்கத்தில் தோழியும் இருக்கமாட்டாள். அப்படியே இரண்டு ஆண்டு பழகிய பெண் ஆட்டத்தில் மூன்று பேரைத் தாண்டிவிட்டு நான்காமவரிடம் பறிகொடுப்பதில் வியப்பில்லை. பழகியதை நன்றாகவே செய்கிறாள்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த ஆட்டத்தில் ஒரு கைபேசியை மாடியிலோ காலரியின் மேல்படியிலோ வைத்து, மைதானத்தின் பெரும்பகுதி தெரியும்படி பதிவு செய்யச் சொல்லுங்கள். தரையிலிருந்து எடுத்த காணொளி உதவாது, ஆட்களுக்கு இடையே உள்ள தூரம் அதில் தெரியாது. பிறகு வீட்டில் உட்கார்ந்து, உங்கள் ஃபார்வர்டு பந்தை வாங்கும் ஒவ்வொரு தடவையும் படத்தை நிறுத்துங்கள். அவளைப் பார்க்க வேண்டாம். அவளுக்கு மிக அருகில் இருக்கும் மூன்று பேரை மட்டும் பாருங்கள். பந்திலிருந்து அந்த மூவரில் ஒவ்வொருவருக்கும் மனத்தில் ஒரு கோடு போடுங்கள். எதிரணிக்காரரின் உடம்பில் படாமல் அந்தக் கோடு எத்தனை பேரைச் சென்றடைகிறது?

நீங்கள் பார்க்கப்போவதை என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. ஒருத்தி தடுப்பாட்டக்காரரின் முதுகுக்குப் பின்னால் நின்று கையைத் தூக்கி “கொடு, கொடு” என்று கத்திக்கொண்டிருப்பாள். கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு ஏன் வரவில்லை என்று கேட்பது போன்றது இது. இன்னொருத்தி முப்பது மீட்டர் தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பாள். மூன்றாமவள் உதவ நினைத்துப் பந்தை நோக்கியே ஓடிவருவாள். தன்னைக் காவல் காக்கும் ஆளையும் கூடவே இழுத்து வருவாள். இப்போது யாருக்குக் கொடுப்பது? இருக்கும் வழிகளில் குறைந்த மோசமானதை அவள் தேர்ந்தெடுக்கிறாள், அது டிரிபிள். தன்னலம் என்று நாம் பட்டம் கட்டுவதில் பாதிக்கு மேல் இதுதான் என்பது என் கணிப்பு.

மீதி அவளுடையது, அதையும் சொல்லிவிடுகிறேன். கொடுப்பதற்கு ஆள் இருந்தும் அவள் பார்க்காமல் விடும் தருணங்கள் காணொளியில் நிச்சயம் இருக்கும். பந்து காலுக்கு வந்த பிறகு தலையைத் தூக்கிப் பார்ப்பவருக்கு எல்லாம் தாமதமாகத்தான் தெரியும். நார்வே நாட்டு ஆய்வாளர் கெயிர் யோர்டெட் இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆட்டக்காரர்களைக் காணொளியில் கவனித்து, பந்து வருவதற்கு முந்தைய நொடிகளில் எத்தனை முறை தலையைத் திருப்பிச் சுற்றுமுற்றும் பார்க்கிறார்கள் என்று எண்ணினார். அதிகம் பார்த்தவர்களின் பாஸ்கள் அதிக அளவில் சரியாகப் போய்ச் சேர்ந்தன, குறிப்பாக முன்னோக்கிய பாஸ்கள். ஸ்பெயினின் நடுக்கள ஆட்டக்காரர் சாவி இந்தப் பழக்கத்துக்குப் பேர்போனவர். பந்து அவரிடம் வரும் முன்பே இடமும் வலமுமாகத் தலை திரும்பிக்கொண்டே இருக்கும்.

இதைப் பழக்கச் சில பயிற்சியாளர்கள் பின்னால் நின்று விரல்களைக் காட்டி, “எத்தனை?” என்று கேட்பார்கள். தலையைத் திருப்ப வைப்பதற்கு முதல் வாரத்தில் அது உதவும். அதற்கு மேல் அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. விரல் எண்ணுவதும், ஓடிவரும் ஆளையும் விலகி ஓடும் தோழியையும் ஒரே பார்வையில் பிடிப்பதும் ஒன்றல்ல. பின்னால் உண்மையான எதிராளியை நிறுத்துங்கள். சில தடவை அவர் பாய்ந்து வரட்டும், சில தடவை நின்றுவிடட்டும். திரும்பலாமா, ஒரே தொடுதலில் திருப்பிக் கொடுக்கலாமா என்பதை அவள் முன்கூட்டியே பார்த்து முடிவு செய்ய வேண்டும். பார்த்ததற்கு உடனே பலன் கிடைத்தால்தான் பார்க்கும் பழக்கம் ஒட்டும்.

“இரண்டு தொடுதலுக்குள் பாஸ்” என்று விதி போட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். மைதானம் முழுவதற்கும் அந்த விதியைப் போடாதீர்கள். மூன்று பேரைத் தாண்டத் தெரிந்த பெண் எளிதில் கிடைப்பதில்லை. நீங்கள் அந்தத் திறமையையே வெட்டிவிடுவீர்கள். மற்றவர்களும் பாஸ் கொடுத்தாக வேண்டுமே என்று கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பார்கள். மைதானத்தை மூன்று பகுதிகளாகப் பிரியுங்கள். நம் கோலுக்கு அருகிலுள்ள பகுதியில் டிரிபிள் வேண்டாம், பறிபோனால் கோல். நடுப்பகுதியில் முன்னால் ஒருவர் விடுபட்டு நின்றால் கொடுத்தே ஆக வேண்டும். எதிரணியின் பகுதியில், ஒருவருக்கு ஒருவர் என்று நேருக்கு நேர் நிற்கும்போது, தாண்டு என்று நீங்களே கேளுங்கள், பறிகொடுத்தாலும் திட்டாதீர்கள். அவளுக்கு உரிமை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால், இல்லாத இடத்தில் விட்டுக்கொடுப்பது எளிதாகிவிடும்.

இனி மற்றவர்கள். இத்தாலியின் அரிகோ சாக்கி பயிற்சியில் ஏ.சி. மிலான் 1989, 1990 ஆகிய இரண்டு ஆண்டுகளும் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அந்த அணியின் நட்சத்திரங்களான கூலிட்டும் வான் பாஸ்டனும் அமைப்பு பெரிதா, தனித்திறமை பெரிதா என்று வாதாடியபோது தான் வைத்த சோதனையை சாக்கி சொல்லியிருக்கிறார். ஒரு பக்கம் கோல்கீப்பரும் நான்கு தடுப்பாட்டக்காரர்களும், ஐந்தே பேர். மறுபக்கம் அந்த நட்சத்திரங்கள் உட்படப் பத்துப் பேர். கால் மணி நேரத்துக்குள் கோல் அடிக்க வேண்டும். பந்தை இழந்தால் தங்கள் பாதியில் பத்து மீட்டர் உள்ளேயிருந்து மீண்டும் தொடங்க வேண்டும், விதி அது ஒன்றுதான். அவர்களால் ஒரு தடவைகூட அடிக்க முடியவில்லை என்கிறார் சாக்கி. அந்த ஐவரில் உலகின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர்களான பரேசியும் மால்டினியும் இருந்தார்கள் என்பதை நான் மறைக்கவில்லை. உங்கள் ஐவரும் என்னுடைய ஐவரும் அப்படி இருக்கமாட்டார்கள். ஆனாலும் யார் நகர்ந்தால் யார் நகர வேண்டும் என்று தெரிந்த ஐந்து பேரை, தெரியாத பத்துப் பேர் உடைப்பது கடினம் என்பது எந்த வயதிலும், எந்தத் தரத்திலும் பொருந்தும்.

சாக்கியின் இன்னொரு பயிற்சியும் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். எதிரணி இல்லாமல், பந்தும் இல்லாமல் பதினொரு பேரையும் மைதானத்தில் நிறுத்துவார். பந்து இன்ன இடத்தில் இருக்கிறது என்று சொல்வார். எல்லோரும் அதற்கேற்ப இடம் மாற வேண்டும். நீங்கள் சற்று எளிதாக்கிக்கொள்ளுங்கள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மைதானத்தில் நடங்கள். நீங்கள் இடப்பக்கம் போனால் அணி முழுவதும் இடப்பக்கம் நகர வேண்டும். வலக்கோடியில் இருப்பவள் அங்கேயே நிற்கக் கூடாது, உள்ளே வர வேண்டும். நடையில் தொடங்கி, பிறகு மெல்லோட்டம். இடையில் நின்று, “உனக்கும் உன் பக்கத்தில் இருப்பவளுக்கும் எத்தனை எட்டு?” என்று கேளுங்கள். பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் சலித்துவிடும், பெண்கள் சிரிக்கத் தொடங்குவார்கள்.

அடுத்து ரோண்டோ. எட்டிலிருந்து பத்து மீட்டர் பக்கமுள்ள சதுரம், வெளியே நான்கு பேர், நடுவில் இருவர். வெளியே இருப்பவர்கள் பந்தைத் தங்களுக்குள் கொடுத்துக்கொள்வார்கள், நடுவில் இருப்பவர்கள் பறிக்கப் பார்ப்பார்கள். எல்லா அணிகளும் இதை ஆடுகின்றன, பெரும்பாலானவை வீணடிக்கின்றன. எத்தனை பாஸ் ஆயிற்று என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் பந்தில்லாத மூவரைப் பாருங்கள். பந்து தோழியிடம் போனதும், நடுவில் இருப்பவர் வழியை மறைக்காத இடத்துக்குச் சதுரத்தின் விளிம்பிலேயே இரண்டு எட்டு நகர்ந்தார்களா? நகராதவளிடம் பந்து போக முடியாமல் பறிபோனால், நடுவில் போக வேண்டியவள் பந்தை இழந்தவள் அல்ல, நகராமல் நின்றவள். இந்த ஒரு விதியை மாற்றிப் பாருங்கள். யார் பொறுப்பு என்ற எண்ணமே அணிக்குள் இடம் மாறும். ஃபார்வர்டைப் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்கும் தாங்கள் எங்கே நின்றோம் என்று யோசிக்க ஒரு காரணம் கிடைக்கும்.

கத்துவதையும் பழக்குங்கள். “கொடு” என்பதில் எந்தத் தகவலும் இல்லை. எல்லோரும் அதையே சொல்கிறார்கள். மூன்று சொற்கள் போதும். பின்னால் எதிராளி நெருங்கினால் “ஆள்!” யாரும் இல்லையென்றால் “திரும்பு!” அவசரம் வேண்டாம் என்றால் “நேரம்!” பந்தை வாங்குபவளுக்கு முதுகில் கண் இல்லை, தோழியின் குரல்தான் அந்தக் கண். பயிற்சி ஆட்டத்தில் கால் மணி நேரம் இந்த மூன்றைத் தவிர வேறு எதுவும் சொல்லக் கூடாது என்று வையுங்கள். முதல் சில நிமிடங்கள் மைதானம் அமைதியாகிவிடும். அதுவரை எவ்வளவு வெற்றுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போது அவர்களுக்கே புரியும்.

இதோடு சேர்த்து உங்கள் கட்டளைகளையும் ஒரு தடவை காதுகொடுத்துக் கேளுங்கள். பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மன் 1913-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கயிற்றைத் தனியாக இழுப்பவர் செலுத்தும் விசையை அளந்தார். கூட்டமாக இழுக்கும்போது ஆளுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டார். ஆட்கள் கூடக்கூட, ஒவ்வொருவரின் பங்கும் குறைந்துகொண்டே போனது. எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காதது ஒரு காரணம். என் பங்கு யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற எண்ணம் இன்னொரு காரணம் என்று பின்னால் வந்த உளவியல் சோதனைகள் காட்டின. கோட்டுக்கு வெளியே நின்று “எல்லோரும் இறங்கி வாருங்கள்” என்று கத்துகிறோமே, அது யாருக்கும் இடாத கட்டளை. கார்னர் கிக்கின்போது முதல் கம்பத்தில் இன்னார், கோல்கீப்பருக்கு முன்னால் இன்னார், வெளியே தெறிக்கும் பந்துக்கு இன்னார் என்று பெயர் சொல்லி வையுங்கள். பந்து பறிபோனால் உடனே நெருக்க வேண்டியவர் அருகில் இருப்பவர், அவருக்குப் பின்னால் வழியை அடைக்க வேண்டியவர் அடுத்தவர். வேலைக்குப் பெயர் இருந்தால், செய்தது யார், விட்டது யார் என்பது பேச்சில்லாமலே தெரியும்.

கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு வருகிறேன். உடனே மைதானத்தைச் சுற்றி ஓட வைத்துவிடாதீர்கள். காரணம் களைப்புதானா என்று முதலில் பார்க்க வேண்டும். அதே காணொளியில், வாங்கிய ஒவ்வொரு கோலுக்கும் அரை நிமிடம் முன்னால் நிறுத்தி, நம் கடைசித் தடுப்பாட்டக்காரருக்கும் முன்னால் நிற்கும் ஃபார்வர்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று பாருங்கள். சாக்கியின் மிலான் அந்தத் தூரத்தை 25 மீட்டர் அளவில் வைத்திருக்க முயன்றது. ஆட்டம் முடியும் நேரத்தில் பள்ளி அணிகளில் அது அறுபது மீட்டருக்கும் நீண்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பின்னால் இருப்பவர்கள் பயந்து கோலை ஒட்டி இறங்கிவிடுகிறார்கள். முன்னால் இருப்பவர்கள் எப்படியாவது ஒரு கோல் அடித்துவிட வேண்டும் என்று முன்னாலேயே நின்றுவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் இரண்டு மூன்று பேர் அவ்வளவு பெரிய வெளியை ஓடி அடைக்க முடியாமல் திணறுகிறார்கள். அவர்கள் களைப்பாகத் தெரிவது உண்மைதான். ஆனால் களைப்பால் இடைவெளி வரவில்லை, இடைவெளியால் களைப்பு வந்தது.

இதற்கு ஒரு பழைய உத்தி உண்டு. ஆறுக்கு ஆறு ஆடும்போது, கோல் விழும் நேரத்தில் அடித்த அணியினர் அனைவரும் நடுக்கோட்டைத் தாண்டியிருந்தால்தான் கோல் செல்லும் என்று விதி வையுங்கள். அடிக்கப்பட்ட அணியில் யாராவது தன் பாதிக்கு இறங்காமல் எதிர்ப் பாதியிலேயே நின்றிருந்தால் அந்தக் கோல் இரண்டாகக் கணக்கு. விளக்கமே தேவைப்படாது. சில ஆட்டங்களுக்குள் பின்னால் இருப்பவர்கள் தாமாகவே மேலே ஏறுவார்கள், முன்னால் இருப்பவர்கள் இறங்குவார்கள், ஒருவரை ஒருவர் விரட்டுவார்கள். தசைவலுவும் மூச்சும் அதிலேயே வரும். மூன்றுக்கு மூன்று, நான்குக்கு நான்கு என்று சிறிய இடத்தில் நான்கு நிமிடம் முழு வேகத்தில் ஆடி, இரண்டு மூன்று நிமிடம் ஓய்ந்து, மீண்டும் ஆடும்படி நான்கு சுற்று வைத்தால், மைதானத்தைச் சுற்றும் வெற்று ஓட்டத்தை நான் தேடமாட்டேன். பந்தும் முடிவெடுப்பதும் அதில் கூடவே இருக்கின்றன.

உண்மையிலேயே களைப்புதான் என்று தெரிந்தால், மாற்று ஆட்டக்காரர்களை எப்போது இறக்குகிறீர்கள் என்று பாருங்கள். கோல் வாங்கிய பிறகு இறக்குவது பல பயிற்சியாளர்களின் வழக்கம். நடுக்களத்தில் ஒருவரையாவது அந்தப் பதினைந்து நிமிடம் தொடங்குவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

பெண்கள் அணி என்பதால் இன்னொன்று. முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழியும் ஆபத்து ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஃபிஃபா வகுத்த 11+ என்ற வார்ம்-அப் சுமார் 20 நிமிடம் எடுக்கும். ஓட்டம், வலு, சமநிலை, குதித்துச் சரியாகத் தரையிறங்குவது எல்லாம் அதில் உண்டு. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் நடத்திய பெரிய ஆய்வில், இதை ஒழுங்காகச் செய்த அணிகளில் கடுமையான காயங்கள் கணிசமாகக் குறைந்தன. தொண்ணூறு நிமிடத்தில் இருபது போய்விடுகிறதே என்று தோன்றும். கொடுங்கள். கிழிந்த தசைநார் ஒரு பருவத்தையே விழுங்கிவிடும்.

உட்கார வைத்த ஆட்டத்தைப் பற்றி. அதிலிருந்து எந்த முடிவுக்கும் வராதீர்கள், இரண்டு பக்கமும். கால்பந்தில் கோல் அபூர்வம். 2022 ஆண்கள் உலகக் கோப்பையில் 64 ஆட்டங்களில் 172 கோல்கள், ஆட்டத்துக்கு மூன்றுகூட இல்லை. இவ்வளவு குறைவாக விழும்போது காலில் பட்டுத் திரும்பிய ஒரு பந்து முடிவையே மாற்றிவிடுகிறது. 2023 பெண்கள் உலகக் கோப்பையை நினைத்துப் பாருங்கள். ஜூலை 31 அன்று ஸ்பெயின் ஜப்பானிடம் 0-4 என்று தோற்றது. ஜப்பானிடம் பந்து இருந்தது ஆட்ட நேரத்தில் கால்வாசிக்கும் குறைவு. பறித்த பந்தை நாலைந்து பாஸில் கோலுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த ஆட்டத்துக்கு ஸ்பெயின் கோல்கீப்பர் உட்பட ஐந்து பேரை மாற்றியது. ஆனால் பந்தைக் கைவசம் வைத்து ஆடும் முறையை மாற்றவில்லை. சுவிட்சர்லாந்தை 5-1 என்று வென்றது, ஆகஸ்ட் 20 அன்று இறுதிப் போட்டியில் இங்கிலாந்தை 1-0 என்று வென்று கோப்பையையும் எடுத்தது. நான்கு கோலில் தோற்ற அணி மூன்று வாரத்தில் உலகச் சாம்பியன். தோல்வியின் அளவைப் பார்த்து எல்லாவற்றையும் தூக்கி எறிந்திருந்தால் இது நடந்திருக்காது.

அந்த ஸ்பெயின் அணியைப் பற்றி இன்னொரு செய்தி உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. அதற்கு ஓராண்டு முன்பு, 2022 செப்டம்பரில், 15 வீராங்கனைகள் இந்தச் சூழலில் நாட்டுக்காக ஆட இயலாது என்று கூட்டமைப்புக்குக் கடிதம் அனுப்பியிருந்தார்கள். அவர்களில் மூவர் மட்டுமே உலகக் கோப்பை அணியில் இருந்தார்கள். தொடரின் சிறந்த வீராங்கனையாகத் தேர்வான ஐத்தானா பொன்மத்தி அந்த மூவரில் ஒருவர். கசப்பு தீர்ந்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை. ஆனால் பந்து காலுக்கு வந்தால் யார் எங்கே இருப்பார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, சிறுவயதிலிருந்து பழகியது. குறைகளைக் கேட்காமல் விடலாம் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம், அந்த வீராங்கனைகள் கேட்டது நியாயமான விஷயங்கள்தான். உங்கள் பெண்கள் நெருங்கிய தோழிகளாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். சுற்றுலா அழைத்துப் போவதும், வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவதும் நல்லதுதான். அவற்றால் பாஸ் போய்ச் சேராது.

அப்படியானால் முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பது? ஆட்டத்துக்கு மூன்று எண்கள் போதும். எதிரணியின் பெனால்டி பகுதிக்குள் பந்தைக் கட்டுப்பாட்டோடு எத்தனை தடவை கொண்டுபோனோம். அந்தப் பகுதிக்குள்ளிருந்து எத்தனை தடவை கோலை நோக்கி அடித்தோம். எதிரணியின் பாதியில் பறிபோன பந்தை ஆறு நொடிக்குள் எத்தனை தடவை மீட்டோம். இதை வெளியே உட்கார்ந்திருக்கும் மாற்று ஆட்டக்காரர்கள் நோட்டில் குறிக்கட்டும், ஆளுக்கு ஓர் எண். எண்ணத் தொடங்கியவர்கள் ஆட்டத்தை வேறு கண்ணோடு பார்ப்பார்கள். களத்தில் இறங்கும்போது அது தெரியும். வாரத்துக்கு வாரம் ஒப்பிடாதீர்கள், எதிரணி மாறும். நாலைந்து ஆட்டங்களைச் சேர்த்து முந்தைய நாலைந்தோடு வைத்துப் பாருங்கள்.

அந்தப் பெண்ணோடு தனியாகப் பேசுங்கள். தண்டனையாக வெளியே உட்கார வைப்பது இனி வேண்டாம். எதற்காக என்று அவளுக்கும் புரியாது, மற்றவர்களுக்கோ தங்கள் எரிச்சலுக்குச் சான்றிதழ் கிடைத்த மாதிரி ஆகிவிடும். மூன்று காட்சிகளைக் காட்டுங்கள். இரண்டில் கொடுக்க ஆளில்லாமல் அவள் சரியாகத் தாண்டியிருக்க வேண்டும், ஒன்றில் ஆளிருந்தும் பார்க்காமல் விட்டிருக்க வேண்டும். “இந்த இடத்தில் உனக்கு என்ன தெரிந்தது?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பதில் வர நேரமாகும், நடுவில் நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள். பிறகு அடுத்த பயிற்சியில், மற்றவர்கள் எங்கே நின்றால் தனக்குப் பாஸ் கொடுக்க வசதி என்று அவளையே மைதானத்தில் காட்டச் சொல்லுங்கள். குற்றம் சாட்டப்பட்டவள் வழிகாட்டும்போது அணிக்குள் பேச்சின் தொனியே மாறும். அவள் திமிராகச் சொன்னால் அப்போது தட்டிக்கேளுங்கள், அது வேறு கணக்கு.

இடைவேளைப் பேச்சையும் சுருக்குங்கள். முதல் மூன்று நிமிடம் தண்ணீர் குடிக்கட்டும், மூச்சு வாங்கட்டும். அதன்பின் இரண்டே விஷயம், இரண்டும் அடுத்த பாதியில் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். மூன்றாவதை யாரும் களத்துக்குக் கொண்டுபோவதில்லை.

மூன்று நாளை இப்படிப் பிரிக்கலாம். முதல் நாள் வார்ம்-அப்புக்குப் பிறகு பந்தைக் கையில் ஏந்தி நடக்கும் பத்து நிமிடம், ரோண்டோ, முதுகில் எதிராளியோடு பந்து வாங்குவது. இரண்டாம் நாள் முழுவதும் சிறிய ஆட்டங்கள், நடுக்கோட்டு விதியோடு. உடல்வலுப் பயிற்சி அதுவே. மூன்றாம் நாள் கார்னர், ஃப்ரீ கிக், பிறகு பதினொன்றுக்குப் பதினொன்றோ இருக்கும் ஆட்களை வைத்தோ, மூன்று பகுதி விதிகளோடு ஒரு முழு ஆட்டம். ஆட்டத்துக்கு முந்தைய நாள் பயிற்சி வந்தால் பாதியாகக் குறையுங்கள்.

தொடக்கத்தில் ஆட்டம் இன்னும் மோசமாகும் என்பதற்கும் தயாராக இருங்கள். எங்கே நிற்பது என்று யோசித்துக்கொண்டே ஆடுபவர்கள் அரை நொடி பிந்துவார்கள். எதிரணி அந்த அரை நொடியைப் பயன்படுத்திக்கொள்ளும். தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் இதை முன்பே சொல்லி வையுங்கள், இல்லையென்றால் இரண்டாவது தோல்வியிலேயே பழைய முறைக்குத் திரும்பச் சொல்லி உங்களை நெருக்குவார்கள். ஆறு முதல் எட்டு வாரம் கொடுங்கள். அதற்குள் பெனால்டி பகுதிக்குள் நுழையும் எண்ணிக்கை கூடியிருந்தால், கோல் வரவில்லை என்றாலும் தொடருங்கள். அந்த எண்ணே அசையவில்லை என்றால் குறை ஆட்ட அமைப்பில் இருக்கலாம். தடுப்பு, நடுக்களம், முன்வரிசை என்ற கணக்கில் நீங்கள் 4-4-2 ஆடுகிறீர்களா, 4-3-3 ஆடுகிறீர்களா, அந்தப் பெண் நடுவில் தனியாக நிற்கிறாளா, பக்கத்தில் இன்னொருவர் உண்டா என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. அடுத்த கடிதத்தில் அதையும், அந்த மூன்று எண்களையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
பயிற்சியாளர்